அல்ஜீப்ரா கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில், கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி "அல்ஜீப்ரா எங்கே?" என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் வழி சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் இந்தக் கேள்விக்கு இவ்வளவு தெளிவான விடை எப்போதும் கிடைத்ததில்லை. மயிலம் ரோட்டில் திரும்ப வேண்டும். மஸ்தான் பாய் டீக்கடையைத் தாண்டினால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் ஓர் ஓலைக் கொட்டகை. உள்ளே மூங்கில் பத்தை, முட்டை, உளுந்து மாவு, நல்லெண்ணெய், கிழித்து வைத்த பழைய வேட்டி. இவற்றின் நடுவே எலும்பு வைத்தியர் விருத்தாசலம்.

பெரியோர் வரலாற்றைப் பிறப்பிலிருந்து தொடங்குவது மரபு. விருத்தாசலம் பிறந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. எல்லோரையும் போலத்தான் பிறந்தார். அவர் எஸ்.எஸ்.எல்.சி.யில் தோற்றதிலிருந்துதான் வரலாறு தொடங்குகிறது. மற்ற பாடங்களிலெல்லாம் தேறிவிட்டு, கணக்கில் மட்டும் விழுந்தார். கணக்கிலும் வட்டி, விகிதமெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை. அல்ஜீப்ராதான் ஆளைச் சாய்த்தது. எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்ததும், 'தவறு' என்று வாத்தியார் முன்கூட்டியே போட்டு வைத்த குறி என்று நினைத்து பேனாவைக் கீழே வைத்துவிடுவாராம். திரும்பத் திரும்ப எழுதினார். திரும்பத் திரும்ப விழுந்தார். கடைசியில் ஊர் அவருக்கு ஒரு பட்டம் கொடுத்தது: பெயிலு.

பட்டம் பெற்ற கையோடு திண்டிவனத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நகல் எழுதப் போனார். அங்கே 'மேற்படி' என்று எழுத நேரமில்லாதவர்கள் 'ஷை' என்று எழுதுவார்கள். ஷை சொத்து, ஷை நபர், ஷை நபரின் ஷை பங்காளி. இந்த ஷை அவர் கையில் நன்றாக ஒட்டிக்கொண்டது. இது பின்னால் வேலைக்கு வரும். வாசகர்கள் மறக்க வேண்டாம். பிறகு தாய்மாமனிடம் எலும்பு கட்டக் கற்றுக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். வானூர்ப் பக்கத்துக் கல் குவாரிகளில் வேலை செய்கிறவர்களின் கை கால்களெல்லாம் அவரிடம்தான் வந்தன. கைராசிக்காரர் என்று பெயர் எடுத்தார். ஆனாலும், "எங்க போறே?" "பெயிலு கிட்ட கால் கட்டப் போறேன்" என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. மனைவி அம்மணி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். வீட்டில் எந்த விவாதமும் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

இப்படி இருபது வருஷம். அப்புறம்தான் அந்தோணிசாமி வாத்தியார் கீழே விழுந்தார்.

நம் பக்கத்து விவசாயிகள் கேப்பைக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் கூலி கேட்காமல் போரடித்துக் கொடுத்துவிட்டுப் போகும். அந்தோணிசாமி திண்டிவனத்தில் கணக்கு வாத்தியார். அன்றைக்கு மொபெட்டில் வந்தவர், கதிரில் சறுக்கி, வலது மணிக்கட்டு விலகி, இரண்டு பேரின் கைத்தாங்கலில் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்.

விருத்தாசலம் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். ஆளின் கவனத்தைத் திருப்பிவிட்டு, எதிர்பாராத நேரத்தில் இழுப்பது தொழில் முறை.

"சாருக்கு இன்னா வேலைங்க?"

"வாத்தியாரு. திண்டிவனம்."

"இன்னா பாடம் எடுப்பீங்க?"

"கணக்கு."

விருத்தாசலத்தின் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"அல்ஜீப்ராவும் எடுப்பீங்களா?"

"அதுதான் முக்கியமா எடுக்கிறேன்."

"அப்படீங்களா" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு, விருத்தாசலம் இழுத்தார். இருபது வருஷத்தைச் சேர்த்து இழுத்தார் என்று சிலர் சொல்வதுண்டு. மஸ்தான் பாய் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எலும்பு சத்தத்தோடு இடத்தில் போய் உட்கார்ந்தது.

கண்ணீர் வழிய உட்கார்ந்திருந்த வாத்தியார், கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார்.

"வைத்தியரே, நீங்க இப்பப் பண்ணீங்களே, அதுக்குப் பேரு இன்னா தெரியுமா?"

"கட்டு."

"அல்ஜீப்ரா."

விருத்தாசலம் உள்ளே திரும்பிப் பார்த்து, "அம்மணி, மோர் கொண்டா. சாரு வலியில ஒளர்றாரு" என்றார்.

வாத்தியார் உளறவில்லை. அவர் கல்லூரியில் படித்தபோது ஒரு பேராசிரியர் பாடத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கதை சொன்னாராம். மூன்று வருஷப் படிப்பில் மறக்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். மோரைக் குடித்துவிட்டு அதைச் சொன்னார். ஆயிரத்து நூறு வருஷத்துக்கும் முன்னால் பாக்தாத் நகரத்தில் கலீபாக்கள் 'அறிவு இல்லம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். கிரேக்க நூல், பாரசீக நூல், சமஸ்கிருத நூல், எது கிடைத்தாலும் கொண்டுவந்து அரபியில் மொழிபெயர்ப்பது அங்கே ஓர் உத்தியோகம். அங்கே இருந்த அல் குவாரிஸ்மி என்பவர் கணக்குப் புத்தகம் ஒன்று எழுதினார். வியாபாரம், நில அளவை, வாய்க்கால் வெட்டுவது, செத்தவர் சொத்தைப் பங்கு போடுவது எல்லாம் அதில் உண்டு. அதில் சொன்ன முறை ஒன்றுக்கு 'அல் ஜபர்' என்று பெயர். முறிந்ததை இணைப்பது என்று அர்த்தம். அதைத்தான் வெள்ளைக்காரன் வாயில் போட்டு அல்ஜீப்ரா ஆக்கினான். ஸ்பெயின் தேசத்தில் ரொம்ப காலத்துக்கு எலும்பு கட்டுகிறவனுக்கே 'அல்ஜெப்ரிஸ்தா' என்றுதான் பெயர்.

விருத்தாசலம் வாத்தியார் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க. எலும்பு கட்டுறவன் பேரு?"

"அல்ஜெப்ரிஸ்தா."

"அப்போ நான் பெயிலானது என் சொந்தத் தொழில்லயா?"

"அப்படித்தான் வருது."

"அடி அம்மணி, கேட்டுக்கினியா" என்றவர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "எழுதுனவரு பேரு இன்னா சொன்னீங்க?"

"குவாரிஸ்மி."

"குவாரிசாமி" என்று விருத்தாசலம் கைகூப்பினார். தனக்கு வருகிற கை கால்களில் பாதி குவாரியில் உடைந்தவை. குவாரிக்கென்று ஒரு சாமி இருந்து, அவர் எலும்பு கட்டுவதைப் பற்றிப் புத்தகமும் எழுதியிருக்கிறார் என்றால், இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இருந்தாலும் விருத்தாசலம் அறிவியல் மனம் படைத்தவர். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்க்காமல் ஏற்கமாட்டார். அரபி என்றதால் மஸ்தான் பாயிடம் போனார்.

"பாய், ஜபருன்னா இன்னா அர்த்தம்?"

பாய் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "அல் ஜப்பாருன்னு அல்லாவோட திருநாமம் ஒண்ணு கீது. ஒடைஞ்சதைச் சரி பண்றவன்னு எங்க பள்ளிவாசல் ஹஜரத் அர்த்தம் சொல்லுவாரு. இன்னாத்துக்குக் கேக்குறே?"

"குவாரிசாமி அதைப் பத்தித்தான் புக்கு போட்டுக்கீறாராம்."

விஷயத்தைக் கேட்ட பாய், "ஆளு பாக்தாத்துன்னா அவரு சாமி இல்ல வைத்தியரே. பாயி" என்றார்.

"எந்தப் பாயா இருந்தா இன்னா பாய், நம்ம தொழில்காரரு."

மறு வாரமே கொட்டகையில் பலகை ஏறியது. மேலே 'குவாரிசாமி துணை'. நடுவில் பெரிய சிவப்பு எழுத்தில் 'அல்ஜீப்ரா கட்டு வைத்தியசாலை'. அடியில் 'பாக்தாத் முறைப்படி எலும்பு முறிவு, சுளுக்கு, மூட்டு நழுவல் சரி செய்யப்படும். எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' பாக்தாத்தில் இருக்கிறதா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதல்லவா.

பலகை ஏறியதும் ஊரில் ஒரு மாற்றம் நடந்தது. 'பெயிலு' என்ற சொல் மெல்ல மறைந்து, "அல்ஜீப்ரா வைத்தியர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். திண்டிவனம் பஸ்ஸில் கண்டக்டரே, "அல்ஜீப்ரா எல்லாம் எறங்கு" என்று கத்தினார். விருத்தாசலம் தினமும் சாயங்காலம் ரோட்டைத் தாண்டி எதிர்ப் பக்கம் போய் நின்று, யாரோ வழிப்போக்கரைப் போல அந்தப் பலகையைப் படித்துவிட்டு வருவார்.

சில இடைஞ்சல்களும் இருந்தன. வல்லம் பக்கத்து விவசாயி ஒருவர், அல்ஜீப்ராவில் விழுந்த மகளை மாட்டு வண்டியில் கூட்டிவந்து, ஒரு மூட்டை மல்லாட்டைக் கடலையையும் இறக்கி வைத்து, "இவளுக்கு ஒரு கட்டு போட்டு வுடுங்க" என்று கேட்டார். கட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் விருத்தாசலம் திணறினார். அம்மணிதான், "வாய்ப்பாட்டைத் தலையில கட்டணும், அது இவரால ஆவாது" என்று சொல்லி மல்லாட்டையோடு திருப்பி அனுப்பினாள்.

உண்மையான இடைஞ்சல் புலவர் சீனுவாசன் வடிவில் வந்தது. திண்டிவனத்தில் தமிழாசிரியர், வீடு கூட்டேரிப்பட்டில். பலகையில் ஒற்றுப்பிழை கண்டால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறவர். இந்தப் பலகையில் ஒற்றுப்பிழை இல்லாதது அவரை மேலும் கோபப்படுத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்தான் பாய் கடையில், பத்துப் பேர் முன்னால் விருத்தாசலத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வைத்தியரே, தமிழில் இயற்கணிதம் என்று அழகான சொல் இருக்கையில் இந்த அயற்சொல் எதற்கு?"

"இயற்கணிதக் கட்டுன்னு போட்டா எவன் ஐயா வருவான்? கால் ஒடைஞ்சவன் படிச்சிட்டுப் பயந்து ஓடிடுவான்."

"கால் உடைந்தவன் எப்படி ஓடுவான்?"

"அதான் ஐயா, அவ்ளோ பயப்படுவான்."

கடையில் சிரிப்பு எழுந்தது. புலவருக்கு மூக்கு சிவந்தது. அவர் சொல்லக் கூடாத சொல்லைச் சொன்னார்.

"இயற்கணிதத்திலேயே தோற்ற பெயிலுக்கு அதன் பெயரில் பலகை மாட்ட என்ன உரிமை?"

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பத்துப் பேருக்கும் அந்தப் பழைய பெயர் ஞாபகம் வந்துவிட்டது என்பது விருத்தாசலத்துக்கு அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இன்னும் ஒரு வாரத்தில் அது பஸ்ஸிலும் ஏறிவிடும்.

"உரிமைக்கு இன்னா செய்யணும்?"

"வருகிற பங்குனியில் தனித்தேர்வராக அந்தக் கணக்குத் தேர்வை எழுதித் தேறிக் காட்டும். தேறாவிட்டால் பலகையை நீரே இறக்க வேண்டும்."

"தேறிட்டா?"

"நான் அந்தப் பலகையின் கீழ் நின்று, எல்லோரும் கேட்க, 'அல்ஜீப்ரா' என்று என் வாயால் சொல்கிறேன்." தனித்தமிழ் விரதம் எடுத்துப் பல வருஷமான வாய் அது.

"பாய், நீங்க சாட்சி" என்றார் விருத்தாசலம். வீட்டுக்குத் திரும்பும்போதுதான், தான் செய்துவிட்டு வந்த காரியம் அவருக்கு விளங்கியது.

"யோவ், உனக்கு இன்னா புத்தி பேஜாரா?" என்றாள் அம்மணி. "நாலு வாட்டி வுழுந்த கெணத்துல அஞ்சாவது வாட்டி குதிக்கிறியே."

"அப்போ அது யார் கெணறுன்னு தெரியாது அம்மணி. இப்போ தெரியும். நம்ம கெணறு."

அந்தோணிசாமி கட்டு மாற்ற ஞாயிறுதோறும் வருவார். விஷயம் தெரிந்ததும் அவருக்கும் வெறி பிடித்துக்கொண்டது. கொட்டகை மண் தரையில், கட்டுப்போட்ட கையிலேயே ஒரு கரித்துண்டைச் செருகிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"எக்ஸ் கழித்தல் மூணு, சமம், ஏழு. இன்னா பண்ணுவீங்க?"

விருத்தாசலம் எக்ஸைப் பார்த்தார். இருபது வருஷம் முன்னால் பார்த்த அதே முகம்.

"சார், இது யாரு சார்?"

"யாருன்னு தெரியாத ஆளு. குவாரிஸ்மி காலத்துல எக்ஸே கெடையாது. எல்லாத்தையும் வாக்கியமாத்தான் எழுதினாங்க. தெரியாததை 'ஷை'ன்னு சொன்னாங்க. அரபியில ஒரு பொருள்னு அர்த்தம்."

"ஷையா?"

"ஷை."

"பத்திரத்துல எழுதுற ஷையா சார்?"

வாத்தியாருக்குப் பத்திரம் தெரியாது. விருத்தாசலத்துக்கு அரபி தெரியாது. அந்த இரண்டு அறியாமைக்கும் நடுவில் கணிதம் புகுந்தது.

"அட, ஷை நபரா இது!" விருத்தாசலம் எக்ஸை முதல்முறையாக அன்போடு பார்த்தார். "மேற்படி ஆளு. பேரு அப்பறமா தெரியும். இதைப் போய் எக்ஸுன்னு மெரட்டி வெச்சானுங்களே."

"சரி, இப்போ ஷையில மூணு கொறையுது."

"முறிஞ்சிருக்குது."

"முறிஞ்சிருக்குது. இன்னா பண்ணுவீங்க?"

"மூணை வெச்சுக் கட்டுவேன்."

"இந்தப் பக்கம் மட்டும் கட்டினா?"

விருத்தாசலம் யோசிக்கவே இல்லை. "ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டினா கோணிக்கும் சார். அந்தப் பக்கமும் அதே அளவு இழுக்கணும். ஏழோட மூணு. பத்து." நிறுத்தினார். "ஷை பத்து."

அந்தோணிசாமி கரித்துண்டைப் போட்டுவிட்டு, கட்டுப்போட்ட கையால் விருத்தாசலத்தின் முதுகில் ஓங்கித் தட்டினார். இரண்டு பேருமே 'ஆ' என்றார்கள்.

அதற்கப்புறம் கொட்டகையில் நடந்ததை நோயாளிகள்தான் சொல்ல வேண்டும். கால் கட்ட வந்தவன் வலியில் முனகிக்கொண்டிருப்பான்; இரண்டு பேரும் தரையில் குனிந்து, "எடு அந்த ஷையை இந்தாண்ட" என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆள் இருந்தால் இருவரையும் எழுப்பி அனுப்பிவிடலாம் என்பதற்கு 'முகாபலா' என்று பெயர் என்றும், அதுவும் அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது என்றும் தெரிந்த நாளில், விருத்தாசலம் பாய் கடையில் எல்லோருக்கும் டீ சொன்னார். பூஜ்யம் முதல் ஒன்பது வரையுள்ள பத்து இலக்கங்களும் நம் தேசத்திலிருந்து பாக்தாத் போனவை, குவாரிஸ்மி அவற்றைப் பற்றியும் தனியாகப் புத்தகம் எழுதினார் என்று தெரிந்தபோது தரையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்கினு போனதுக்குப் பதிலா அல்ஜீப்ராவைத் திருப்பி அனுப்பிச்சாங்களா சார்? எங்க ஊர்ல கடப்பாறை வாங்கினு போனவனே திருப்பித் தர்றதில்ல."

அம்மணி மட்டும் வேறொன்றைக் கவனித்தாள். "வாத்தியாரே, அந்தக் கையால எழுதாதீங்க. ஆட்டிக்கினே இருந்தா எலும்பு கோணலா கூடிடும்." யார் கேட்டார்கள்? மனித குலத்தின் அறிவு வளர்ந்துகொண்டிருந்த நேரத்தில் மணிக்கட்டுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

மார்ச் வந்தது. விருத்தாசலம் நெற்றி நிறைய விபூதியோடு, மஸ்தான் பாய் ஓதி ஊதிய தண்ணீரைக் குடித்துவிட்டு, அந்தோணிசாமி கொடுத்த மாதா படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டார். சமன்பாட்டின் எந்தப் பக்கமும் குறைவு வந்துவிடக் கூடாது என்பது அவர் எண்ணம்.

தேர்வு நடந்த பள்ளியில், அறைக்குக் கண்காணிப்பாளராக வந்து நின்றவர் புலவர் சீனுவாசன். கணக்குத் தேர்வுக்குக் கணக்கு வாத்தியாரைப் போடமாட்டார்கள் என்பதால் தமிழ் வாத்தியாருக்கு வந்த பாக்கியம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புலவர் நேர்மையானவர். வினாத்தாளைக் கொடுக்கும்போது, "நன்றாக எழுதும்" என்று, தோற்கப்போகிறவனிடம் சொல்கிற கனிவோடு சொன்னார்.

மற்ற கணக்குகளை முடித்துவிட்டு விருத்தாசலம் அல்ஜீப்ராவுக்கு வந்தார். 'ஓர் எண்ணின் மும்மடங்கிலிருந்து எட்டைக் கழித்தால் கிடைப்பது, அந்த எண்ணோடு பத்தைக் கூட்டியதற்குச் சமம் எனில், அவ்வெண் யாது?' அவர் முகத்தில் சிரிப்பு மலர்ந்தது. எட்டு முறிஞ்சிருக்குது. பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் புலவர் கொட்டாவி விட்டார்.

வெயில், மத்தியானச் சாப்பாடு, பிறர் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அலுப்பு எல்லாம் சேர்ந்த பெரிய கொட்டாவி. திறந்த வாய் திறந்தபடியே நின்றது. தாடை மூட்டு நழுவிவிட்டது. புலவர் மூட முயன்றார், முடியவில்லை. கண்கள் பிதுங்கின. 'ஆ... ஆ...' என்ற ஓசை மட்டும் வந்தது. எழுதிக்கொண்டிருந்தவர்கள், பிட் அடித்ததாகத் தங்களைப் பிடித்துவிட்டார்கள் என்று பயந்து நிமிர்ந்தார்கள்.

விருத்தாசலத்துக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கியது. இடத்தை விட்டு எழுந்தால் தேர்வு போய்விடும். தேர்வு போனால் பலகை போய்விடும். பலகை போனால் மறுபடி பெயிலு. கொஞ்ச நேரம் குனிந்து எழுதித்தான் பார்த்தார். 'ஆ' என்ற ஓசை நிற்கவில்லை. எதிரே ஒரு மூட்டு இடம் மாறி நிற்கும்போது அவர் விரல்களால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை.

எழுந்து போனார். வேட்டி முனையைக் கிழித்து இரண்டு கட்டைவிரல்களிலும் சுற்றிக்கொண்டார். தாடை சேரும்போது கடி விழும், அதற்காக. "ஐயா, மூச்சை வுடுங்க. இயற்கணிதம்னு மனசுல சொல்லுங்க" என்றபடி இரண்டு விரலையும் புலவர் வாய்க்குள் விட்டுக் கடைவாய்ப் பற்களை அழுத்தினார்.

சரியாக அந்த நொடியில் பறக்கும் படை உள்ளே நுழைந்தது.

பறக்கும் படையினர் எத்தனையோ முறைகேடுகளைப் பார்த்தவர்கள். சட்டைக் கையில் பிட்டு, தொடையில் எழுதிய சூத்திரம், ஜன்னல் வழியே கத்தும் மாமன். ஆனால் தேர்வர் ஒருவர் கண்காணிப்பாளரின் வாய்க்குள் இரண்டு கட்டைவிரல்களையும் விட்டுக்கொண்டு நிற்பதற்கு அவர்களுடைய விதிகளில் எந்தப் பிரிவும் இல்லை.

"இன்னாய்யா நடக்குது இங்க?" என்றார் அதிகாரி.

"அல்ஜீப்ராங்க" என்றார் விருத்தாசலம்.

'டக்' என்று ஓசை கேட்டது. தாடை உட்கார்ந்துவிட்டது. அறை முழுக்கப் புலவரின் வாயையே பார்த்தது. அவர் ஒரு சொல் சொல்லாமல் விட்டால் போதும், தனித்தேர்வர் விருத்தாசலம் முறைகேட்டுக்காக வெளியேற்றப்படுவார். பலகை தானாக இறங்கிவிடும். புலவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, மிக மெதுவாக, முத்து முத்தாகப் பேசினார்.

"கொட்டாவியில் என் தாடை நழுவியது. இவர் சரிசெய்தார். அவர் தாளை நான் பார்க்கவில்லை. என் வாயை மட்டும்தான் அவர் பார்த்தார்." பிறகு விருத்தாசலத்தைப் பார்த்து, "இடத்தில் போய் உட்காரும். நேரம் போகிறது" என்றார்.

அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புலவரின் வாயை ஒருமுறை திறந்து மூடச் சொன்னார். புலவர் மறுத்துவிட்டார். அதுவே ஆதாரமாகக் கொள்ளப்பட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்த விருத்தாசலத்துக்கு நேரம் கொஞ்சம்தான் இருந்தது. தேர்வில் எக்ஸ்தான் போட வேண்டும் என்று அந்தோணிசாமி தலையில் அடித்துச் சொல்லியிருந்தது மறந்தே போனது. கை பழைய வழக்கத்தில் ஓடியது:

'ஷை எண் மூன்று உள்ள இடத்தில் எட்டு முறிந்துள்ளது. ஷை முறிவுக்கு எட்டு வைத்துக் கட்டப்பட்டது. எதிர்ப் பக்கத்துக்கும் ஷைபடி எட்டு கொடுக்கப்பட்டு, பத்து, பதினெட்டு ஆயிற்று. இரு தரப்பிலும் உள்ள பொது ஷை ஒன்று விலக்கப்பட்டது. மீதி ஷை இரண்டும் சேர்ந்து பதினெட்டு. ஆகவே ஷை எண் ஒன்பது. இதில் எவ்விதப் பின் தாவாவும் இல்லை.'

மணி அடித்தது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான், எக்ஸை ஓரிடத்திலும் எழுதவில்லை என்பது ஞாபகம் வந்தது.

"ஷைன்னா எழுதினீங்க?" அந்தோணிசாமி கொட்டகையில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "திருத்துறவன் பாக்தாத்துக்காரனா வைத்தியரே?"

"விடை ஒம்பது சார். அது சரிதானே?"

"சரிதான். ஆனா வழிக்குத்தான் மார்க்கு."

அந்த இரண்டு மாதமும் விருத்தாசலம் ரோட்டைத் தாண்டிப் போய்ப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டார். பலகையை இறக்க வேண்டி வந்தால் எந்த ஆணியை முதலில் பிடுங்குவது என்று ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்ததை அம்மணி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். 'நான் பாஸு' என்று அவள் சொல்லாமல் விட்ட காலம் அது ஒன்றுதான்.

தேர்வு முடிவுகள் பத்திரிகையில் வருகிற நாளில், காலை பஸ்ஸுக்காகக் கூட்டு ரோட்டில் பெரிய கூட்டம். கட்டுப்போட்ட கால்களும் ஊன்றுகோலோடு வந்திருந்தன. கண்டக்டர் பேப்பர் கட்டை எறிந்தார். மஸ்தான் பாய் பிடித்து, பிரித்து, டீ பாய்லர் மேல் விரித்தார். எழுத்து பொடி எழுத்து. பாய்க்குக் கண்ணாடி இல்லாமல் தெரியாது, கண்ணாடி கிடைக்கவில்லை.

"ஜல்தி பாய்" என்று நாலு பேர் கத்தினார்கள்.

அம்மணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "தள்ளுங்க. நான் பாஸு, நான் படிக்கிறேன்." விரல் வரிசையில் மேலிருந்து கீழே இறங்கியது. நின்றது. இன்னொரு முறை பார்த்தது. அவள் நிமிர்ந்து தன் கணவரைப் பார்த்தாள்.

"யோவ். நீயும்தான்யா."

விருத்தாசலத்தை யார் முதலில் தூக்கினார்கள் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கீழே விட்டுவிடுவார்களோ என்ற பயம் யாருக்கும் இருக்கவில்லை. விட்டால் கட்டுவதற்கு அவரே இருந்தார். ஷைக்கு மார்க் போட்ட அந்தப் புண்ணியவான் யார் என்பது தெரியவே இல்லை. பத்திர ஆபீஸ் குடும்பத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

அன்று மாலை புலவர் சொன்ன சொல் தவறாமல் வந்தார். பலகையின் கீழ் நின்றார். ஊர் கூடி நின்றது. ஒரு கையால் தாடையை ஏந்திப் பிடித்துக்கொண்டு, அதிகம் திறக்காமல், "அல்ஜீப்ரா" என்றார். அண்ணாந்து பலகையைப் பார்த்தார். "குவாரிசாமி என்பது மட்டும்..." என்று தொடங்கி, விருத்தாசலத்தின் கட்டைவிரல்களைப் பார்த்துவிட்டு, மீதியைத் தன்னோடு வைத்துக்கொண்டார்.

இந்த வெற்றிக்குச் செலுத்திய விலையும் ஒன்று உண்டு. அம்மணி சொன்னது நடந்துவிட்டது. ஞாயிறுதோறும் கரித்துண்டு பிடித்த அந்தோணிசாமியின் மணிக்கட்டு, கொஞ்சம் கோணலாகவே கூடிவிட்டது. வேலைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் கரும்பலகையில் அவர் போடுகிற சமக்குறி மட்டும், மழையில் நனைந்த கூரை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்தே விழும். அதைப் பார்த்துப் பழகிய திண்டிவனத்துப் பிள்ளைகள் பல வருஷம் அப்படியே சாய்த்துத்தான் போட்டார்கள்.

வாத்தியார் ஒருநாள் கொட்டகைக்கு வந்து, தரையில் கரியால் ஒரு சமக்குறி போட்டுக் காட்டினார். "பாருங்க வைத்தியரே உங்க பாக்தாத் கட்டை. கோணிக்கிச்சு."

விருத்தாசலம் குனிந்து அந்த இரண்டு கோடுகளையும் நிதானமாகப் பார்த்தார். விரலால் அளந்தார். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவருக்கே உரிய தெளிவோடு சொன்னார்:

"ரெண்டு கோடும் ஒரே அளவு சாஞ்சிருக்குது சார். அப்பறம் இன்னா, சமம்தான்."